கடல் நடுவே கொதிக்கும் எஞ்சின்

ஜெட் ஸ்கீ வைத்திருப்பவர்களை அதிகம் குழப்பும் கோளாறு, எஞ்சின் சூடேறுவதுதான். சுற்றிலும் தண்ணீர் இருக்க, திரையில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பீப் ஒலி விடாமல் கத்துகிறது. பிறகு வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்கிறது. உடனே சென்சாரை மாற்று, தெர்மோஸ்டாட்டை மாற்று என்று செலவு தொடங்கிவிடும். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்து எங்கே போகிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் அந்தச் செலவில் பெரும்பகுதி தேவைப்படாது.

பெரும்பாலான ஜெட் ஸ்கீகளில் ரேடியேட்டர் கிடையாது. யமஹா, கவாசாகி வண்டிகளில் எஞ்சினுக்குத் தண்ணீர் இறைக்கத் தனிப் பம்பும் இல்லை. வண்டியை முன்னே தள்ளும் ஜெட் பம்புதான் அந்த வேலையையும் பார்க்கிறது. ஆழமில்லாத ஆறுகளில் படகு விடுவதற்காக நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன் 1950களில் மேம்படுத்திய முறை இது. வண்டியின் அடியில் உள்ள கம்பித் தட்டி வழியாக நீரை உறிஞ்சி, இம்பெல்லரால் தள்ளி, குறுகலான முனை வழியாகப் பின்பக்கம் பீய்ச்சுகிறது. பம்பில் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து ஒரு ஹோஸ் கொஞ்சம் நீரைப் பிரித்து எஞ்சினுக்குக் கொண்டுபோகிறது. அந்த நீர் எஞ்சினையும் எக்ஸாஸ்ட் குழாயின் உறையையும் சுற்றிவந்து வெளியே போய்விடுகிறது. அதில் ஒரு பகுதி புகையோடு கலந்து, பின்னால் உள்ள ரப்பர் ஹோஸ் கருகாமல் காக்கிறது.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உந்துவிசைக்குப் பயன்படும். மீதி வெப்பமாகிறது. 100 கிலோவாட் வெப்பத்தை அகற்ற வேண்டும், நீர் 20 டிகிரி மட்டும் சூடேறலாம் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 1.2 லிட்டர் நீர் ஓடியாக வேண்டும். முழு வேகத்தில் போகும்போது இந்த ஓட்டம் சில விநாடிகள் தடைபட்டாலே ஆபத்து.

வண்டியைத் தள்ளும் நீரும் குளிர்விக்கும் நீரும் ஒரே வாயில் வழியாக வருவதால், கோளாறைக் கண்டுபிடிக்க நல்ல தடயம் ஒன்று கிடைக்கிறது. சூடேறும்போது உந்துவிசையும் சேர்ந்து குறைந்ததா என்று கவனியுங்கள். எஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது என்றால் அடைப்பு கீழே, கம்பித் தட்டியிலோ இம்பெல்லரிலோ இருக்கிறது. பிளாஸ்டிக் பை, கடற்பாசி, அறுந்த வலைக்கயிறு, இவைதான் வழக்கமாகச் சிக்குபவை. எஞ்சினை அணைத்து, பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிய பிறகே அங்கே கை வைக்க வேண்டும். இந்த விஷயத்தில் விதிவிலக்கே கிடையாது.

வண்டி நன்றாகப் பாய்கிறது, ஆனாலும் சூடேறுகிறது என்றால் பம்பைச் சந்தேகிக்க வேண்டாம். பிரிந்து செல்லும் ஹோஸ், வடிகட்டி, எஞ்சினுக்குள் இருக்கும் நீர்வழி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பல மாடல்களில் பக்கவாட்டில் சிறிய துளை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது அதிலிருந்து நீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். அது மெலிந்து சொட்டினால் உள்ளே மணல் அடைத்திருக்கலாம். முக்கால் மீட்டர் ஆழம்கூட இல்லாத கரையோரத்தில் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

மணலைவிடப் பொல்லாதது உப்புப் படிவு. சர்க்கரை சூடான நீரில் அதிகமாகக் கரையும். கடல்நீரில் உள்ள கால்சியம் கார்பனேட் இதற்கு நேர்மாறு. சூடு ஏறினால் அது கரைசலிலிருந்து பிரிந்து, இருப்பதிலேயே சூடான உலோகப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கே குளிர்ச்சி மிகவும் தேவையோ அங்கேதான் இது படிகிறது. அலுமினியத்தைவிடப் பல மடங்கு குறைவாக வெப்பம் கடத்தும் பொருள் என்பதால் உலோகம் மேலும் சூடாகும், படிவு மேலும் தடிக்கும். கார் எஞ்சின் 90 டிகிரியை ஒட்டி ஓடும்போது, கடல்நீரை நேரடியாகப் பயன்படுத்தும் எஞ்சின்களை 60 டிகிரிக்கு அருகிலேயே நிறுத்தப் பார்ப்பதற்கு இதுதான் காரணம். எஞ்சினை அணைத்ததும் இன்னொரு தொல்லை ஆரம்பிக்கும். உள்ளே தங்கிய நீர் மிச்சச் சூட்டில் வற்றும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு அங்கேயே நின்றுவிடும்.

சீ-டூ நிறுவனத்தின் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் வேறு வகை. அவற்றில் கூலண்ட் தனியாகச் சுற்றுகிறது. வண்டியின் அடித்தட்டே அந்தச் சூட்டைக் கடலுக்குக் கைமாற்றுகிறது. எஞ்சினுக்குள் உப்பு போகாது. ஆனால் எக்ஸாஸ்டைக் குளிர்விப்பது அவற்றிலும் வெளிநீர்தான். கூலண்ட் நிறைந்திருந்தும் பீப் அடித்தால் எக்ஸாஸ்ட் பக்கம் பாருங்கள். கூலண்ட் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள்.

கடலில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் நன்னீர் செலுத்திக் கழுவுவதே நல்ல வழி. அதிலும் வரிசை முக்கியம். முதலில் எஞ்சினை இயக்கி, உடனே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடிவிட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால், புகை தள்ளி வெளியேற்றாத நீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்துபோகும். நின்றுபோன வண்டியை வேகமாகக் கட்டி இழுத்தாலும் இதே கதிதான். மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது.

நன்னீரில் கழுவினால் சாதாரண உப்பு கரைந்து போகும். ஏற்கெனவே இறுகிப்போன சுண்ணாம்புப் படிவு அதற்கு அசையாது. அதைக் கரைக்க மென்மையான அமிலக் கரைசல் வேண்டும். இது மெக்கானிக்கின் வேலை.

கடற்கரையில் ஜெட் ஸ்கீயை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறுவதற்கு முன் அந்தப் பக்கத் துளையில் நீர் வருகிறதா என்று கேளுங்கள். நடுவில் பீப் ஒலித்தால், "பரவாயில்லை, ஓட்டுங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வேகத்தைக் குறைத்து எஞ்சினை அணைத்துவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே மேலும் ஓட்டினால் எஞ்சின் சீஸ் ஆகி, கரையிலிருந்து தொலைவில் நீங்கள் மாட்டிக்கொள்ள நேரும்.