கோழிக்கூட்டில் மலர்ந்த நிழற்படக் கலை

நிழற்படம் எடுப்பது இன்று எவருக்கும் எளிதான காரியமாகிவிட்டது. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியை எடுத்து விரலால் ஒருமுறை தொட்டால் போதும், படம் உருவாகிவிடும். மறுகணமே அது துபாயில் இருக்கும் மகனுக்கும் கோலாலம்பூரில் இருக்கும் மச்சானுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எடுப்பதற்கும் பகிர்வதற்கும் இடையே மூச்சு விடும் நேரம்கூட இல்லை.

ஒரே ஒரு படத்திற்காகக் கண்ணாடியோடும் அமிலத்தோடும் முட்டையின் வெண்கருவோடும் நாள் முழுவதும் போராட வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில், 48ஆம் வயதில் முதன்முதலாகக் கேமராவைக் கையில் எடுத்து, தொழில் வல்லுநர்களின் ஏளனத்தையும் தாங்கி, உலகம் போற்றும் கலைஞராக உயர்ந்த ஒரு குடும்பத் தலைவியின் வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்றாகும். அவர் கல்கத்தாவில் பிறந்தவர். இலங்கையின் மலைநாட்டில் மறைந்தவர்.

மகள் தந்த பரிசு

அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஒருவருக்கு மகளாக 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிறந்தார். 1838இல் தம்மைவிட இருபது ஆண்டுகள் மூத்தவரான சார்லஸ் ஹே கேமரன் என்னும் சட்ட அறிஞரை மணந்தார். இலங்கையின் ஆட்சி முறையைச் சீர்திருத்தப் பரிந்துரை செய்த கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்றவர் அவரே. இலங்கையில் அவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன.

1848இல் இக்குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860இல் ஒயிட் தீவிலுள்ள பிரஷ்வாட்டர் என்னும் கடலோர ஊரில் குடியேறி, இலங்கைத் தோட்டத்தின் நினைவாகத் தம் இல்லத்திற்கு ‘டிம்போலா’ என்று பெயர் சூட்டியது.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். கணவரோ தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்குச் சென்றிருந்தார். தாயின் தனிமையை உணர்ந்த மகளும் மருமகனும் 1863ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கேமராவைப் பரிசாகத் தந்தார்கள். பொழுதுபோக்காக இருக்கட்டும் என்பதே அவர்கள் எண்ணம். பொழுதைப் போக்குவதற்காக வந்த அப்பெட்டி, அவருடைய எஞ்சிய வாழ்நாளை முழுவதும் ஆட்கொண்டுவிட்டது.

கரிக்கொட்டடியும் கோழிக்கூடும்

கலைக்கூடம் கட்ட அவர் காத்திருக்கவில்லை. வீட்டின் கரிக்கொட்டடியை இருட்டறையாக்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டிலிருந்து கோழிகளை வெளியேற்றிவிட்டு, அதனைப் படப்பிடிப்புக் கூடமாக்கினார்.

அன்றைய முறை மிகவும் கடினமானது. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பிசின் போன்ற கரைசலைச் சீராகப் பரப்ப வேண்டும். உடனே இருட்டறையில் வைத்து வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் தகட்டைக் கேமராவில் பொருத்திப் படமெடுத்து, மீண்டும் இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் உழைப்பு வீண். தகட்டில் படிந்த எதிருருவை, வெண்கருவும் வெள்ளியும் பூசிய தாளின்மீது வைத்து வெயிலில் காட்டினால்தான் படம் கிடைக்கும்.

அவருடைய முதல் கேமராவின் தகடு ஏறத்தாழ 11 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்டது. 1865இல் 15 அங்குலத்திற்கு 12 அங்குலத் தகடு கொள்ளும் பெரிய கேமராவுக்கு மாறினார். தகடு பெரிதாகப் பெரிதாக, படத்திற்கு அமர்ந்தவர்கள் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. வெள்ளி நைட்ரேட் பட்டுப்பட்டு அம்மையாரின் விரல்கள் கறுத்துப் போயின. 1864இல் இத்தாலிய வீரர் கரிபால்டி அவ்வூருக்கு வந்தபோது, தம்மைப் படமெடுக்க இசையுமாறு அம்மையார் மண்டியிட்டு வேண்டினாராம். கறைபடிந்த கைகளைக் கண்ட கரிபால்டி, யாரோ இரவலர் என்று எண்ணிவிட்டாராம். இப்படி ஒரு செய்தி வழங்கி வருகிறது.

தொடக்கத்தில் தோல்விகளே மிஞ்சின. ஈரத்தகட்டின்மீது தம் கையே பட்டு முதல் படம் அழிந்துபோனதை அவரே தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

அன்றே கைமாறிய படம்

1864ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் வெற்றி கிட்டியது. ஆனி பில்பாட் என்னும் சிறுமி அசையாது அமர்ந்தாள். படம் தெளிவாகப் பதிந்தது. அம்மையார் செய்ததைக் கவனியுங்கள். அன்றைய தினமே அப்படத்தைத் தாளில் பதித்து, பக்குவப்படுத்தி, சட்டமிட்டு, சிறுமியின் தந்தையிடம் கொண்டு போய்க் கொடுத்தார். தம் முதல் வெற்றியை அவர் தம் சுவரில் மாட்டிக்கொள்ளவில்லை. உரியவர் கையில் ஒப்படைத்தார்.

இதுவே அவர் வழக்கமாயிற்று. தேர்ந்தெடுத்த படங்களை அழகிய ஏடுகளாகத் தொகுத்து அன்பர்களுக்கு அளித்தார். வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷலுக்கு 1864ஆம் ஆண்டு நவம்பரில் அத்தகைய ஏடு ஒன்றை வழங்கினார். நிழற்படம் என்னும் புதுமையை அம்மையாருக்கு முதலில் அறிமுகம் செய்தவர் ஹெர்ஷல். கற்பித்தவருக்கு மாணவி செலுத்திய நன்றிக்கடன் அது. பிற்காலத்தில் துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாதபோது, படங்களையே கூலியாகக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள்.

அவர் படங்களை விற்கவும் செய்தார். 500க்கும் மேற்பட்ட படங்களுக்குப் பதிப்புரிமையும் பதிவு செய்தார். எனினும் செலவுக்கு ஈடான வருவாய் வந்ததில்லை.

வல்லுநர்களின் ஏளனம்

அம்மையாரின் படங்களில் கூர்மை இல்லை. விளிம்புகள் மங்கலாக இருந்தன. கீறல்களும் விரல் தடங்களும் தெரிந்தன. நிழற்படத் துறையின் ஏடுகள் அவரைக் கடுமையாகச் சாடின. கருவியைக் கையாளத் தெரியாதவர் என்று முடிவு கட்டினர்.

அவர் சளைக்கவில்லை. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் வில்லையை நிறுத்திவிடுவதே தம் முறை என்றார். உடையின் பொத்தானும் நாற்காலியின் வேலைப்பாடும் துல்லியமாகத் தெரிவதா முக்கியம்? முகத்தில் ஒளிரும் உள்ளம் அன்றோ தெரிய வேண்டும்! 1865இல் இலண்டனின் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவருடைய 80 படங்களை விலைக்கு வாங்கியது. 1866இல் பெர்லின் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஏளனம் செய்த ஏடுகள் இன்று நூலகங்களில் உறங்குகின்றன. அவர் எடுத்த ஹெர்ஷலின் முகமும் கார்லைலின் முகமும் இன்றும் நம்மை நேருக்கு நேர் நோக்குகின்றன.

பெயருள்ள பணிப்பெண், பெயரற்ற தந்தை

அவருடைய கேமராவின் முன் அறிஞர்கள் மட்டும் அமரவில்லை. வீட்டுப் பணிப்பெண்களும் அமர்ந்தார்கள். மேரி ரயான் என்னும் பெண், இரந்து நின்ற ஏழைத் தாய் ஒருத்தியின் மகள். அம்மையார் அவளை ஆதரித்து வளர்த்தார். பல படங்களில் இடம்பெறச் செய்தார். படக் கண்காட்சியில் அவளைக் கண்ட ஹென்றி காட்டன் என்னும் இளைஞர் 1867இல் அவளை மணந்துகொண்டார். இந்தியாவில் உயர் பதவிகள் வகித்து, 1904இல் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவராகவும் அமர்ந்த சர் ஹென்றி காட்டன் அவரேதான். மேரியின் முகத்தோடு அவள் பெயரும் எஞ்சியதால்தான் இக்கதை இன்று நமக்குக் கிடைக்கிறது.

1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்கே திரும்பினர். 1869 முதல் இலைநோய் பரவிக் காப்பித் தோட்டங்கள் நலிந்துகொண்டிருந்த காலம் அது. தமிழகத்திலிருந்து சென்ற நம் ஏழைத் தொழிலாளர்களின் வியர்வையில் விளைந்தவை அத்தோட்டங்கள் என்பதை நாம் மறக்கலாகாது. இலங்கையிலும் அம்மையார் ஊர் மக்களைப் படமெடுத்தார். அவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே.

அவற்றுள் ஒன்று களுத்துறைக் குடியானவர் சிலரின் படம். அதன் குறிப்பில், சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்று சொல்வதாகவும், தம் வயது நூறு என்று கூறுவதாகவும் எழுதப்பட்டிருக்கிறது. வயது இருக்கிறது, உறவு இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. இலங்கைப் படங்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். அம்முகங்களைக் காணும் நமக்கு உள்ளம் கனக்கிறது. அந்த முதியவர் யார்? அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று எங்கே? ஆனியின் தந்தைக்கு அன்றைக்கே கிடைத்த படம் இந்தத் தந்தையின் கைக்குக் கிடைத்ததா? விடை சொல்ல எவரும் இல்லை.

1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அம்மையார் இலங்கையிலேயே காலமானார். மலைநாட்டின் பொகவந்தலாவையில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

நம் இல்லங்களில்

விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் நல்ல படம் எடுக்க முடியும் என்று ஏங்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கோழிக்கூடு ஒரு பாடம். இனி நமக்கு வயதாகிவிட்டது என்று ஒதுங்கும் தாய்மார்களுக்கு அந்த 48ஆம் வயது ஒரு பாடம். ஆனால் எல்லாவற்றினும் பெரிய பாடம், படத்தை ஓர் அமானிதமாகக் கருத வேண்டும் என்பதே.

இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்து கிடக்கின்றன. நிக்காஹ் வீட்டில் எடுத்தவை, பெருநாளில் எடுத்தவை, ஹஜ்ஜுக்கு வழியனுப்பியபோது எடுத்தவை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவற்றைப் பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கு யார் யாரென்று எப்படித் தெரியும்? பழைய பெட்டியில் கிடக்கும் மங்கிய படங்களில்கூட நம் பாட்டனாரின் அருகே நிற்பவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களும் முதியவர்கள்.

ஆகவே அன்பர்களே, இந்த விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய படங்களை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களின் அருகே அமருங்கள். படத்திலுள்ளவர்களின் பெயர், ஊர், உறவுமுறை, ஆண்டு ஆகியவற்றைக் கேட்டுப் படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். கைப்பேசியில் உள்ளவற்றுள் சிறந்த பத்துப் படங்களையேனும் தாளில் அச்சிட்டு வையுங்கள். வீட்டில் வேலை செய்யும் அம்மாவையோ வண்டி ஓட்டும் அண்ணனையோ படமெடுத்தால், ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள். ஒருவருடைய படத்தை, குறிப்பாகப் பெண்மக்களின் படத்தை, அவர்களைக் கேட்காமல் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

முகம் அவர்களுடையது, அதற்குரிய பெயரும் அவர்களுடையது. இரண்டையும் ஒருசேரக் காத்து உரியவர் கையில் ஒப்படைக்க நாம் முன்வருவோமாக!