வேலியும் அயலும்

நெடுந்தீவிலே காணிகளுக்கு எல்லை முருகைக்கல் மதில். சாந்தின்றி அடுக்கியதாயினும் எளிதில் நகராது. தீவகத்தின் பிற ஊர்களிலோ கதியால் வேலிகளையும் காண்கிறோம். பட்ட கதியாலை மாற்றி நடுகையில் அது ஒரு சாண் அப்பாற் செல்லக்கூடும். அச்சாணுக்காகத் தலைமுறைப் பகை மூளும்.

1990 இன் பின் நேர்ந்த இடப்பெயர்வால் பராமரிப்பற்ற வேலிகள் அழிந்தன. மீண்டு வந்தோர்க்கு நினைவு மட்டும் சான்றாகாது. உறுதியையும் அளவைப் படத்தையும் அயலவரோடு கூடியிருந்து பார்த்து, இருவரும் முன்னிற்க நில அளவையாளரைக் கொண்டு அளப்பிப்பதே நம் முதற்கடன். இணக்கம் பிறவாவிடின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் வழி அமைந்த மத்தியஸ்த சபையை நாடலாம். அது தீர்ப்பு விதிப்பதில்லை; இருவரையும் இணங்கவைக்கவே முயலும்.

வழக்கில் வென்ற ஒரு சாண் நிலம், நம் வீட்டில் நெருப்புப் பற்றினால் ஓடி வருமா? ஓடி வருபவர் அயலவரே.