கூகையைக் கண்டால் குறித்து வையுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், நீண்ட இடப்பெயர்வின் பின் சொந்த ஊருக்குத் திரும்பிய குடும்பம் ஒன்று எம்மைத் தேடி வந்தது. கூரையின் ஒரு பாதி மட்டும் எஞ்சியிருந்த தமது பழைய வீட்டில் அவர்கள் தங்கியிருந்தனர். இரவானதும் சுவரின் மேலிருந்து யாரோ மூச்சுத் திணறுவது போன்ற சத்தம் கேட்கிறது என்றும், நடுச்சாமத்தில் கிறீச்சிட்டு ஒரு வெள்ளை உருவம் பறக்கிறது என்றும் சொன்னார்கள். "சாக்குருவி குடியிருக்கிற வீட்டிலை எங்களைக் குடியிருக்கச் சொல்லுறியளோ, சுவாமி?" என்று அவ்வீட்டு ஆச்சி கேட்டார். மகன் பந்தம் கொளுத்திக் கூட்டை எரித்துவிடும் எண்ணத்தோடு இருந்தார்.

ஒரு நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டு, மாலையில் அவர்களுடன் முற்றத்தில் அமர்ந்தோம். இருள் சூழும் வேளையில் சுவர் மூலையிலிருந்து வெண்ணிறப் பறவையொன்று சத்தமேயின்றி வெளிக்கிட்டு வயற்பக்கம் சென்றது. மறுநாட் காலை அவ்விடத்தின் கீழே கறுப்பு நிற உருண்டைகள் பல கிடந்தன. அவற்றில் சிலவற்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தபோது மயிரும் எலும்பும் மஞ்சட் பல்லுள்ள எலித் தலைகளும் வந்தன. தலைகளைப் பிள்ளைகள் எண்ணினர். ஆச்சி அருகில் வந்து பார்த்தார். "இவ்வளவும் எங்கடை வயல் எலியோ?" என்பதே அவர் கேட்ட கேள்வி. பந்தம் கொளுத்தப்படவில்லை.

எமது குடும்பங்கள் பலவற்றுக்கு இப்பறவையைப் பற்றித் தெரிந்திருப்பது பயன் தரும் என்பதாலேயே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

கூகை எது?

ஆந்தை, கூகை, நத்து, சாக்குருவி என்னும் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறி வழங்குகின்றன. இக்கட்டுரையில் கூகை என்று நாம் சொல்வது வெண்முகமுள்ள ஆந்தையை. உலகின் பெரும்பாகத்தில் இதுவும் இதன் நெருங்கிய உறவினங்களும் வாழ்கின்றன. இலங்கையில் இது வரண்ட பிரதேசங்களுக்குரிய பறவை; வடபகுதி அதன் முக்கிய இருப்பிடங்களுள் ஒன்று.

அடையாளங்கள் இவை:

1. முகம் வெள்ளை, இருதய வடிவம். வேறெந்த அடையாளமும் தெரியாவிட்டாலும் இது ஒன்றே போதும்.

2. கண்கள் கருமை. மஞ்சட் கண் தெரிந்தால் அது கூகை அன்று.

3. தலையில் கொம்பு போன்ற இறகுகள் இல்லை.

4. முதுகு பொன்னிறமும் சாம்பலும் கலந்தது. சிறு புள்ளிகள் உண்டு. வயிறு வெளிறியது. வெளிச்சத்தில் கீழிருந்து பார்ப்போருக்கு முழுவதும் வெள்ளையாகத் தோன்றும்.

5. உடல் நீளம் ஏறத்தாழ ஓர் அடி. விரித்த சிறகு ஏறத்தாழ மூன்றடி. கால்கள் நீளமானவை.

6. "ஊம், ஊம்" என்று அலறுவதில்லை. நீண்ட கிறீச்சொலியும் சீறலுமே இதன் குரல். பசித்த குஞ்சுகள் குறட்டை போன்ற சத்தத்தை இரவு முழுவதும் எழுப்பும். ஆச்சி கேட்ட மூச்சுத் திணறல் அதுவே.

குளக்கரை மரங்களில் காணப்படும் பெரிய மீன்பிடி ஆந்தைக்கு மஞ்சட் கண்ணும் தலையிற் கொம்பிறகும் உண்டு. வளவு மரங்களில் ஒளிந்திருக்கும் சிறிய நத்துக்கும் கொம்பிறகு உண்டு. இரவில் பாதையில் படுத்திருந்து, வாகன வெளிச்சத்தில் கண் சிவந்து தெரிவது பெரும்பாலும் பக்கி. இவற்றைக் கூகையென எழுதிவிடக் கூடாது. ஐயமிருந்தால் "ஆந்தை, இனம் தெரியாது" என்று எழுதுவதே நேர்மையான குறிப்பு.

சத்தமில்லாப் பறப்பு

பேய் என்ற அச்சத்துக்கு முக்கிய காரணம் கூகை சத்தமின்றிப் பறப்பதே. அதன் சிறகின் முன்னோரத்தில் சீப்புப் பற்கள் போன்ற நுண்ணிய அமைப்பு உண்டு. இறகின் மேற்பரப்பும் மெத்தென்றது. இவை காற்றின் இரைச்சலைக் குறைக்கின்றன. ஆகவே எலிக்கு அது வருவது கேட்காது. ஆனால் எலி அசைவது அதற்குக் கேட்கும். இரு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லாததால், ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதையும் அது அறியும். முழு இருளாக்கிய அறையிலும் கூகை எலியைப் பிடிக்கின்றது என்பதை றோஜர் பெயின் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பரிசோதனை மூலம் காட்டினார்.

எங்கே, எப்படிப் பார்ப்பது?

கூகை கூடு கட்டுவதில்லை. மரப் பொந்து, தலை முறிந்த பனையின் குழி, பழைய நெற்களஞ்சியம், கோயில் மணிக்கூண்டு, ஆளில்லா வீட்டின் சுவர்மேல் ஆகியன அதன் இருப்பிடங்கள். போர்க் காலத்தில் மனிதர் விட்டுச் சென்ற வீடுகள் அதற்கு வாய்ப்பான இடங்களாயின. அழிவைக் கொண்டுவந்தது கூகை அன்று; ஆளில்லாத இடத்தில் அது பின்னர் வந்து குடியேறியது. காரணத்தையும் விளைவையும் மாற்றி எண்ணியதாலேயே அதற்குக் கெட்ட பெயர் வந்தது என நாம் கருதுகின்றோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எந்தப் பறவைக்காகவும் பாழடைந்த வீட்டினுள்ளோ பற்றைக்குள்ளோ நுழைய வேண்டாம். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணியிலும், மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்திலும் ஓர் அடியேனும் வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதை முதலிற் சொல்லிவிடுங்கள். கூகையைப் பார்க்க உள்ளே போகவேண்டிய தேவையே இல்லை. பொழுது படுவதற்கு அரை மணி முன்பிருந்து ஒரு மணி நேரம், பாவனையிலுள்ள பாதையிலோ சொந்த முற்றத்திலோ அமைதியாக அமர்ந்தால் போதும். ரோச் லைற்றை அதன் கண்ணில் அடிக்க வேண்டாம்.

கூட்டையும் தொட வேண்டாம். அது வழமையாக 4 முதல் 7 வரையான வெள்ளை முட்டைகளை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடும். ஒவ்வொன்றும் பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். அதனால் ஒரே கூட்டில் பெரியதும் சிறியதுமான குஞ்சுகள் இருக்கும். பறக்க இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டும். அக்காலத்தில் குழப்பினால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிடக்கூடும். இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கூகை பாதுகாக்கப்பட்ட பறவை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உருண்டைகள் சொல்லும் கணக்கு

கூகை இரையை முழுதாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாக்கி வாய் வழியே கக்கும். நாளொன்றுக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு. புதியது கறுத்துப் பளபளக்கும். பழையது சாம்பல் நிறமாகி உதிரும். பெருவிரல் அளவு முதல் அதற்கு மேலும் இருக்கும்.

உங்கள் சொந்த வளவில் விழுந்தவற்றை மட்டும் குச்சியால் எடுத்து, நீரில் ஊறவைத்துப் பிரியுங்கள். தலையோடுகளை எண்ணுங்கள். முன்னே இரு நீண்ட உளிப் பற்களும் அதற்குப் பின்னே வெற்றிடமும் இருந்தால் எலி. கூரிய சிறு பற்கள் இடைவெளியின்றி வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும்.

ஒரு கூகை ஓர் இரவில் மூன்று நான்கு சிறு எலிகளை உண்ணக்கூடும். குஞ்சுகள் உள்ள காலத்தில் ஒரு சோடி இன்னும் பல எலிகளைக் கொண்டு வரும். எனினும் மிகைப்படுத்தக் கூடாது. கூகை எலிகளை அடியோடு ஒழிக்காது. வளர்ந்த பெருச்சாளியை அது பெரும்பாலும் விட்டுவிடும். வரப்பைத் துப்புரவாக வைத்திருப்பதும் வளை வெட்டுவதும் எமது வேலையே. அந்த வேலையில் சம்பளமின்றித் துணை நிற்கும் ஒருவராக அதைக் கொள்ளலாம்.

குறிப்பு எதற்கு?

"பார்த்தோம், போதாதா? எழுத வேண்டுமா?" என்று கேட்போருக்குப் பிரித்தானியாவின் அனுபவத்தைச் சொல்ல விரும்புகின்றோம். அங்கு 1932 இல் பிளேக்கர் என்பவர் கமக்காரரிடமும் ஊர் மக்களிடமும் கேட்டுத் திரட்டிய தகவல்களிலிருந்து, இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 12,000 சோடிக் கூகைகள் உண்டு எனக் கணித்தார். 1982 முதல் 1985 வரை கொலின் ஷோயர் தொண்டர் துணையோடு மீண்டும் கணக்கெடுத்தபோது 4,000 சோடிகள் கூட அங்கு இல்லை எனத் தெரிந்தது. ஐம்பது ஆண்டுகளில் பெரும் பகுதி மறைந்துவிட்டது. பழைய குறிப்பு இல்லாதிருந்தால் இவ்வளவு இழந்தோம் என்பதை எவரும் நிறுவியிருக்க முடியாது. அதன் பின்னர் தொண்டர்கள் கூடுப் பெட்டிகள் வைத்தனர். 1995 முதல் 1997 வரை மேலும் கவனமான முறையில், பொறுக்கியெடுத்த சதுர நிலப்பகுதிகளுக்குச் சென்று எண்ணி, நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 4,000 சோடி எனக் கணித்தனர்.

இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் ஊதியமின்றி நாள், இடம், எண்ணிக்கை எழுதிய சாதாரண மக்கள்.

எமது ஊர்களிலும் குறிப்பு தேவைப்படும் காரணம் ஒன்று உண்டு. எலிநஞ்சு தின்ற எலி உடனே சாவதில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை நஞ்சானால், அது சில நாள் தள்ளாடித் திரியும், எளிதிற் பிடிபடும். அதைத் தின்னும் கூகையின் உடலில் நஞ்சு சேர்கின்றது. பிரித்தானியாவில் இறந்து கிடைத்த கூகைகளைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றின் ஈரலில் இந்நஞ்சின் எச்சம் காணப்பட்டது. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைப் பெட்டிகள் வைத்தபோதும், கடும் நஞ்சு இட்ட இடங்களில் கூகைகள் குறைந்தன. எலியைக் கொல்ல இட்டது எலி பிடிப்பதையும் கொன்றது. உங்கள் ஊரில் கூகை இருக்கிறதா, எந்தப் போகத்தின் பின் காணாமற் போயிற்று என்பதை நீங்கள் எழுதி வைத்தாலன்றி இது எவருக்கும் தெரிய வராது.

எழுதும் முறை

ஒரு பாடசாலைக் கொப்பியும் பேனையும் போதும். ஒவ்வொரு முறையும் ஆறு விடயங்களை எழுதுங்கள்: திகதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்தது, பார்த்தவர் பெயர். பார்த்ததா, குரல் மட்டும் கேட்டதா என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். மாதிரி ஒன்று:

"10.02.2024, சனி. மாலை 6.50. குளக்கட்டுக்குக் கிழக்கே பழைய நெற்களஞ்சியம். கூகை 1, பார்த்தது. கூரையிலிருந்து வயற்பக்கம் பறந்தது. வெள்ளை முகம் தெரிந்தது. நிலவில்லை."

போய்ப் பார்த்துக் காணாவிட்டால் "காணவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் குறிப்பே. அன்றைக்கே எழுதுங்கள், மறுநாள் ஞாபகம் மாறும். பிறர் சொன்னதை உங்கள் கண் கண்டதாக எழுத வேண்டாம். கூடு இருக்கும் இடத்தை ஊரெங்கும் சொல்லித் திரிய வேண்டாம். ஆந்தையைப் பிடிக்க வருவோரும் உளர். இறந்த கூகையைக் கண்டால் வெறுங்கையால் தொடாது, திகதியும் இடமும் குறித்து, அண்மையில் நஞ்சு வைக்கப்பட்டதா என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.

ஆண்டுக்கொரு முறை கொப்பியின் பிரதியொன்றைப் பறவை ஆய்வாளரிடம் சேர்ப்பிக்கலாம். 1976 முதல் இயங்கிவரும் இலங்கைக் கள பறவையியல் குழு, கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடையது. பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் உதவியுடன் அங்கு அனுப்புவது எளிது.

இன்னும் தம் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் தற்காலிகக் கொட்டிலிலும் வாழ்வோர், "வயலில்லாத எமக்கு எலியும் கூகையும் எதற்கு?" என எண்ணக்கூடும். இருக்கும் இடத்திலிருந்தே தொடங்குங்கள் என்பதே எமது வேண்டுகோள். இடப்பெயர்வின்போது உறுதி, பிறப்புப் பதிவு, குடும்ப அட்டை ஆகியவற்றை இழந்தவர்களுக்கு எழுதப்பட்ட ஒரு தாளின் பெறுமதியை நாம் சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்த காலத்தில் எந்தப் பனையில் எந்தப் பறவை இருந்தது என்பது இன்று முதியவர்களின் ஞாபகத்தில் மட்டுமே உண்டு. அவர்களிடம் கேட்டு, "ஞாபகத்திலிருந்து சொன்னது" என்ற தலைப்பின் கீழ் அதையும் எழுதுங்கள். திரும்பிச் செல்லும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

அந்த ஆச்சியின் வீட்டுக்கு இப்போது கூரை போட்டாயிற்று. கூகை அங்கிருந்து போய்விட்டது. வளவின் மூலையில் பேரப்பிள்ளைகள் பழைய பலகையால் ஒரு பெட்டி செய்து மரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கொப்பியில் கடைசியாக நாம் கண்ட வரி: "பெட்டி, காணவில்லை." அதன் கீழே அடுத்த திகதிக்கு இடம் விட்டிருந்தார்கள்.