மணமுறிவுக்கு முன் மாநிலம் மாறும் பெற்றோர்

அமெரிக்காவில் கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தொடங்கி, மணமுறிவுத் தீர்ப்பு இன்னும் வராத இடைக்காலத்தில், இருவரில் ஒருவர் பிள்ளைகளுடன் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர நினைப்பது அரிதன்று. வேலை பறிபோவது, வாடகை கட்டுப்படியாகாதது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உறவினர் துணை தேவைப்படுவது என அதற்கான காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவையே. ஆனால் நீதிமன்ற ஆணை எதுவும் இல்லாததால் தடையும் இல்லை என்று கருதுவது ஆபத்தானது. ஆணை இல்லாதவரை திருமணமான பெற்றோர் இருவருக்கும் பிள்ளைகள்மீது சம உரிமை உண்டு என்பதே பொதுவான சட்டநிலை. எனவே அழைத்துச் செல்லும் உரிமை ஒருவருக்கு இருந்தால், திருப்பி அழைத்துவரும்படி வழக்குத் தொடுக்கும் உரிமை மற்றவருக்கும் இருக்கிறது.

அந்த வழக்கை எந்த மாநிலம் விசாரிக்கும் என்பதை, 1997-இல் வரையப்பட்டு ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட குழந்தைப் பொறுப்பு அதிகார வரம்புச் சீர்மைச் சட்டம் தீர்மானிக்கிறது. வழக்குக்கு முன் குழந்தை தொடர்ந்து 6 மாதமேனும் பெற்றோரில் ஒருவருடன் வாழ்ந்த மாநிலமே அதன் ‘இல்ல மாநிலம்’; வழக்கை விசாரிக்கும் முன்னுரிமை அதற்கே. கலிபோர்னியாவில் வளர்ந்த குழந்தையைத் தாய் ஜூன் முதல் நாள் டெக்சாசுக்கு அழைத்துச் சென்றுவிட்டார் எனக் கொண்டால், தந்தை கலிபோர்னியாவிலேயே இருக்கும்வரை, அவர் நவம்பர் இறுதிக்குள் அங்கே வழக்குத் தொடுக்கலாம். குழந்தை அங்கே இல்லாதது அதற்குத் தடையாகாது. டெக்சாசில் 6 மாதம் வசித்தபின் தாய் அங்கே மணமுறிவு கோர முடியும் என்றாலும், பிள்ளை தொடர்பான வழக்கு அதற்குள் கலிபோர்னியாவில் தொடங்கிவிட்டால் அது அங்கேயேதான் நடக்கும். திருமணத்தை முறிக்கும் அதிகாரமும் பிள்ளையின் பொறுப்பைத் தீர்மானிக்கும் அதிகாரமும் தனித்தனியானவை என்பதைப் பலர் காலம் கடந்தே அறிகின்றனர்.

மனு தாக்கலானதும் நிலைமை மேலும் இறுகுகிறது. கலிபோர்னியாவில் மணமுறிவு வழக்கின் அழைப்பாணையிலேயே தடையாணைகள் அச்சிடப்பட்டிருக்கும். மற்றவரின் எழுத்துமூல ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ இன்றிப் பிள்ளைகளை மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. மனுதாரரை இது தாக்கல் செய்த நாளிலிருந்தும், எதிர்த்தரப்பினரை அழைப்பாணை கையில் கிடைத்த நாளிலிருந்தும் கட்டுப்படுத்தும். புளோரிடாவில், வழக்கு நிலுவையில் இருக்கும்போது 50 மைலுக்கு அப்பால் 60 நாள் தொடர்ந்து தங்கும் வகையில் குடிபெயர்வதற்கே, அது மாநிலத்துக்குள் இருந்தாலும், ஒப்புதலோ அனுமதியோ வேண்டும்.

ஆகவே புறப்படுவதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் பெறுவதுதான் பிள்ளைக்கும் நல்லது. புதிய முகவரி, பள்ளி, விடுமுறையில் பிள்ளை யாரிடம் இருக்கும், விமானக் கட்டணம் யார் பொறுப்பு, வாரத்தில் எந்த நாள்களில் வீடியோ அழைப்பு என்பவற்றை அதில் தெளிவாக எழுதி, பின்னர் நீதிமன்ற ஆணையாக்கிக்கொள்ள வேண்டும். போகலாம் என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பிச் சென்றவர், பள்ளியாண்டின் நடுவில் பிள்ளையைத் திருப்பி அனுப்ப நேர்வதுண்டு.

வன்முறைக்கு அஞ்சி வெளியேறுபவரின் நிலை வேறு. அவர் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்வது அறமாகாது. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. பெற்றோரோ பிள்ளையோ தாக்குதலுக்கு ஆளாகியிருந்தால், சென்றடைந்த மாநிலத்தின் நீதிமன்றமே தற்காலிகப் பாதுகாப்பாணை பிறப்பிக்கலாம். கலிபோர்னியாவிலிருந்து அவ்வாறு வெளியேறுபவர் 10 நாளுக்குள் தாம் வாழ்ந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, 30 நாளுக்குள் பொறுப்பு வழக்கைத் தொடங்கினால், பிள்ளையைக் கடத்தியதான குற்றச்சாட்டிலிருந்து சட்டம் அவரைக் காக்கிறது. அங்கே அவர் கொடுக்கும் முகவரியும் ரகசியமாகவே வைக்கப்படும்.