பாஸ்வேர்டு சரி... ஆனாலும் லாகின் ஆகலையா? லினக்ஸில் ‘கெர்பரோஸ்’ செட்டிங்கை டெஸ்ட் செய்வது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். 40 லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். மெர்ச்சண்டைசிங், அக்கவுன்ட்ஸ், பேக்கிங் என எல்லாப் பிரிவும் ஒரே சர்வர் வழியாகத்தான் லாகின் செய்கின்றன. ஷிப்மென்ட் நாளில் அது முடங்கினால் பேக்கிங் லிஸ்ட் கூட எடுக்க முடியாது. சரக்கு தயாரா இருந்தும் லாரி கிளம்பாது.

கெர்பரோஸ் என்றால் என்ன?

இப்படி ஒரே சர்வர் மூலம் ஆளை உறுதிசெய்யும் முறைகளில் ஒன்றுதான் கெர்பரோஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1983-ல் தொடங்கிய ‘அதீனா’ திட்டத்தில் பிறந்தது. காலையில் ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால் சில மணி நேரத்துக்கு ஒரு ‘டிக்கெட்’ கிடைக்கும். அதன்பிறகு ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக பாஸ்வேர்டு தேவையில்லை. பஸ் பாஸ் மாதிரிதான்!

தானாகவே செட் ஆகுமா?

ஆகும். டெபியன் லினக்ஸில் இன்ஸ்டால் செய்யும்போதே நிறுவனத்தின் ‘ரியல்ம்’ பெயர் கேட்கப்படும். சர்வர் முகவரி டிஎன்எஸ்-ல் பதிவாகியிருந்தால் கெர்பரோஸ் அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான்.

ஆனால், தானியங்கி என்பதாலேயே ஒரு தவறு 40 கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். அதனால்தான் டெஸ்டிங் முக்கியம்.

எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

* புது இன்ஸ்டால்: காலியான விர்ச்சுவல் மெஷினில் நிறுவி, டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

* அப்டேட்: அட்மின் கையால் மாற்றிய செட்டிங் அழியக்கூடாது. டெபியனின் விதியே இதுதான். ஆனாலும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

* டிஎன்எஸ் இல்லாதபோது: சர்வர் முகவரியைக் கையால் கொடுத்தாலும் வேலை செய்ய வேண்டும்.

* கடிகாரம்: சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வழக்கமான செட்டிங்கில் டிக்கெட் மறுக்கப்படலாம். பழைய கம்ப்யூட்டரில் சிமாஸ் பேட்டரி தீர்ந்து, கரன்ட் போய் வந்தால் தேதியே மாறிவிடும். பாஸ்வேர்டு சரி, நேரம்தான் தப்பு! தானாக நேரம் சரிசெய்யும் என்டிபி இயங்குகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக...

சர்வரைச் சாராத லோக்கல் அட்மின் அக்கவுன்ட் ஒன்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும். எல்லாம் பூட்டிக்கொண்டால் உள்ளே போக அதுதான் வழி. முதலில் ஒரு கம்ப்யூட்டர், அடுத்து ஒரு பிரிவு, பிறகு மொத்த அலுவலகம். ஷிப்மென்ட் வாரத்தில் மட்டும் கை வைக்காதீங்க!