முப்பது ரூபாய்க்கு ஒரு நீண்ட பெயர்

ஹொப்டன், அடாவத்தை என்று இலங்கையின் ஊவா மாகாணத்து லுணுகலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்றால் என்னவென்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்குப் போய், மலையில் நிரை பிடித்து, சொன்ன கிலோவுக்குக் கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுக் கூலி. குறைந்தால் அரைப்பேர். ஓய்வு நாளில் கிலோக் கணக்குக்கு எடுப்பது கைக்காசு. சொல்லைக் கேட்டதும் தொகை தெரியும். தொகை தெரிந்தால் வாயும் திறக்கும். “மலையில கொழுந்தே இல்லையே ஐயா, அரைப்பேர் போட்டா எப்படி?” என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்கும் குரல் எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

பெரட்டும், பேர் பதியும் செக்ரோலும், மலையை மேற்பார்க்கும் கண்டக்டரும் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் வந்த சொற்கள்தாம். ஆனாலும் தோட்டத்து மக்கள் அவற்றை உழைத்து உழைத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்த சொற்களின் கதை வேறு.

எழுபதுகளில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் கொழும்பில் உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தத்தில் சம்பளத்தை முடிவு செய்யும் வழக்கம் வந்தது. அந்தத் தாள்களோடுதான் ‘இன்சென்டிவ்’, ‘புரொடக்டிவிட்டி’, ‘பிரைஸ் ஷெயர் சப்ளிமென்ட்’ எல்லாம் மலையேறின. குளிரூட்டிய அலுவலகத்தில் இப்படிப்பட்ட சொற்கள் கேட்பவருக்கு எரிச்சலைக் கொடுக்கும், அவ்வளவுதான். தோட்டத்தில் அவை அடுப்பங்கரை வரை வந்துவிடுகின்றன.

2016 ஒக்டோபர் 18ஆம் திகதி கையெழுத்தான ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். முந்திய ஒப்பந்தம் 2015 மார்ச் மாதத்தோடு முடிந்து, ஒன்றரை வருடம் இழுபட்டு வந்தது அது. மேடைகளில் சொன்ன தொகை 730 ரூபாய். கம்பனிகள் தங்கள் செலவாகச் சொன்னது 805 ரூபாய். அடிப்படைச் சம்பளமோ 500 ரூபாய். ஒரே நாள் கூலிக்கு மூன்று தொகை. மூன்றுமே ஒரு வகையில் உண்மைதான் என்பது இதில் கவனிக்க வேண்டியது.

500க்கு மேலே வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, தேயிலை விலைக் கொடுப்பனவு 30 சேர்ந்தால் 730. வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 நாள் போயிருந்தால்தான் அந்த 60 கிடைக்கும். ‘நோம்’ என்கிற நிர்ணயிக்கப்பட்ட கிலோவை எடுத்தால்தான் அந்த 140 கிடைக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் கூடுதலாக நின்றுவிட்டு, மிச்ச நாட்களிலும் கொழுந்து குறைந்தால் கையில் மிஞ்சுவது 530. 805 எப்படி வந்தது? 730ஓடு, கம்பனி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி நூற்றுக்கு 12, நம்பிக்கை நிதி நூற்றுக்கு 3 என்று 75 ரூபாய் சேர்த்த கணக்கு அது. அந்த 15 வீதம் 730க்குப் போடப்படவில்லை, 500க்கு மட்டுந்தான் போடப்பட்டது. ஆயுள் முழுக்கக் கொழுந்து எடுத்து ஓயும் ஒரு தாய்க்குக் கடைசியில் கைக்கு வரும் காசு சேமலாப நிதிதான். கூலியில் ஒரு பங்குக்குக் ‘கொடுப்பனவு’ என்று பெயர் வைத்தபோதே, அந்தக் கடைசிக் காசிலும் ஒரு பங்கு கழிந்துவிட்டது. சம்பளச் சீட்டில் இதை யாரும் எழுதி வைப்பதில்லை.

அந்த முப்பது ரூபாயை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தேயிலை விலைக் கொடுப்பனவின் ‘பிரைஸ் ஷெயர்’ என்ற பெயரைக் கேட்டால், தேயிலை நல்ல விலைக்குப் போனால் அதில் தொழிலாளிக்கும் ஒரு பங்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2009 ஒப்பந்தத்தில் அது 30 ரூபாய். 2011இல் 30. 2013இல் 30. 2016இலும் 30. அதற்கு அடுத்த வருடம் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை கிலோ 600 ரூபாயைத் தாண்டியது. அப்போதும் 30தான். 2019இல் 50 ஆனது. ஏலத்தில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அசையாத ஒரு தொகைக்கு விலைப்பங்கு என்று பெயரிட்டதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். சட்டப்படி அதில் குற்றம் காண முடியாமல் இருக்கலாம். ஆனால், பங்கு கிடைக்கிறது என்ற நம்பிக்கையைக் கொடுத்து, பங்கு கேட்கும் வாயை அந்தப் பெயர் பத்து வருடம் மூடி வைத்தது.

ஊவாவில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மலைகளில் வறண்ட காற்று வீசும். கொழுந்து ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தில்தான் ஊவாத் தேயிலையின் பேர்போன மணம் பிறக்கிறது; வெளிநாட்டு வாங்குவோர் அதற்கென்றே காத்திருந்து நல்ல விலை கொடுக்கிறார்கள். அதே மாதங்களில் கூடை நிறையாது. அன்றைய நோம் தப்பும், உற்பத்தித்திறன் கொடுப்பனவு வெட்டுப்படும். விலை அதிகமாகக் கிடைக்கும் காலத்தில், அதைப் பறித்தவளின் ‘திறன்’ குறைந்துவிட்டதாகக் கணக்குப் புத்தகம் சொல்லும்.

இப்போது ‘அவுட்குரோவர்’, ‘ரெவின்யூ ஷெயர்’ என்ற பேச்சு. குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள். பராமரிப்பது குடும்பம், கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்குவது தோட்டத்துத் தொழிற்சாலை. ஆள்பலம் உள்ள குடும்பத்துக்கு இதில் கூடுதல் வருமானம் வரலாம், அதை மறுக்க வேண்டியதில்லை. கூட்டங்களில் ‘தொழில்முனைவோர்’ என்று கௌரவமாக அழைக்கப்படுபவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்தத் துண்டு மலை யார் பெயரில் இருக்கும்? உரம் யார் காசு? சேமலாப நிதி தொடருமா? மழை பொய்த்தால் நட்டம் யார் தலையில்? 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்து கொழுந்து விழுந்தபோது நாட்கூலிக்காரருக்காவது ஒரு கூலி இருந்தது.

கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில் தொழிலாளி ‘மனித மூலதனம்’. 2013இல் உலக அளவில் வந்த ஒருங்கிணைந்த அறிக்கை முறையின் ஆறு மூலதனங்களில் ஒன்று அது. மலையும் ஆறும் ‘இயற்கை மூலதனம்’. முதலீட்டாளர்களுக்கு எழுதப்படும் தாள், அவர்கள் பழகிய பேச்சு. ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி யாரும் மூலதனத்திடம் போய்க் கேட்க மாட்டார்கள். ஆளிடம்தான் கேட்பார்கள்.

தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கும் கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போன பிள்ளைகளுக்கும் இதிலிருந்து தப்ப வழியில்லை. அங்கே நோமுக்குப் பெயர் ‘டார்கெட்’. அம்மாவும் மகளும் தொலைபேசியில் பேசிக்கொள்வது ஒரே வேலையைப் பற்றித்தான்.

குழப்பமான மொழி அதிகாரத்துக்கு வசதியானது என்று ஜோர்ஜ் ஓர்வெல் 1946இலேயே கட்டுரை எழுதி எச்சரித்தார். பொதுமக்களுக்குப் புரியும் மொழியில்தான் அரசு நிறுவனங்கள் எழுத வேண்டும் என்று அமெரிக்கா 2010இல் சட்டமே போட்டது. நம் நாட்டில் 13ஆவது திருத்தத்தின்படி 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. அப்படியிருக்க, ஒவ்வொரு கொடுப்பனவும் எதற்காக, எந்த நிலையில் வெட்டப்படும், அதற்குச் சேமலாப நிதி உண்டா இல்லையா என்ற மூன்றையும் சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் அச்சிடக் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. இதைத் தொழிற்சங்கங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்து வாங்கி வந்தவர்களுக்கு, அதே சீட்டிலுள்ள மற்றச் சொற்களை விளக்கும் கடமையும் இருக்கிறது.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபாய் வந்தது. அதிலும் 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்ட நிவாரணக் கொடுப்பனவு. அதோடு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது: 1,350 அடிப்படை, 350 உற்பத்தித்திறன். கம்பனிகள் தொடுத்த வழக்குக்குப் பிறகு அடிப்படைச் சம்பளம் 1,350 என்றே நிலைத்தது. 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த 1,750இல் 200 ரூபாய் வரவு ஊக்குவிப்பு, அரசாங்கத்தின் பணம். தொகை ஏறியிருக்கிறது, அது நல்லது. ஆனால் 1,000 ரூபாய் வந்த பிறகு பல தோட்டங்களில் 18, 20 என்று கிலோவும் ஏறியது. எடுக்காதவர்களுக்கு மறுபடி அரைப்பேர். கூலி எவ்வளவு என்று வர்த்தமானி சொல்கிறது. நோம் எத்தனை கிலோ என்பதை இன்றும் தோட்டத்துக் காரியாலயந்தான் சொல்கிறது. கூட்டு ஒப்பந்தமும் இல்லாத நிலையில், அந்தக் கிலோவைப் பற்றி இரு தரப்பும் உட்கார்ந்து பேச இப்போது ஒரு மேசைகூடக் கிடையாது.