மூன்றா, நான்கா?

கணக்கோடு மல்லுக்கட்டு – 14

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை கடினமான கணக்கோடு வந்து, "சார், வரமாட்டேங்குது" என்று நின்றால் நமக்குக் கை துறுதுறுக்கும். நோட்டை வாங்கி நாலே வரியில் போட்டுக் காட்டி, "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலை ஆடும். அந்தத் தலையாட்டலை நான் நம்புவதில்லை. கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் மறுநாளும் பிள்ளை அதே இடத்தில்தான் நிற்கும். எவ்வளவு சொல்லலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை இந்த வாரம் ஒரே ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்.

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இதன் மதிப்பு என்ன? 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இதை 289-ஆம் கேள்வியாகக் கேட்டவர் ராமானுஜன். அப்போது அவருக்கு வயது 23. கையில் பட்டம் கிடையாது. மாதக்கணக்கில் காத்திருந்தும் வாசகர்கள் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரேதான் போட்டுக் காட்டினார். இத்தனைக்கும் இதற்கு வேண்டிய இயற்கணிதம் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வரும் மாணவி ஒருத்தியிடம் இதைக் கொடுத்தேன். பார்த்ததும், "இது தெரியும் சார்" என்றாள். அவளுக்குத் தெரிந்தது √(2 + √(2 + …)). நுழைவுத் தேர்வு கைடுகளில் அடிக்கடி வருவது. மொத்தத்தையும் ஓர் எழுத்தாக வைத்து வர்க்கப்படுத்தினால், உள்ளே அதே எழுத்து திரும்ப வரும். இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் விடை 2. அதே வழியில் இங்கேயும் இறங்கினாள். இரண்டாம் வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

"ஏம்மா ஓடலை?"

"உள்ள இருக்கிறது அதே இல்ல சார். இது 2-ல ஆரம்பிக்குது, உள்ள இருக்கிறது 3-ல ஆரம்பிக்குது."

ஒரு வழி ஏன் அடைபட்டது என்று தன் வாயாலேயே சொல்ல வைப்பது எந்தக் குறிப்பையும்விட உதவும். இதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அடுத்து நான் சொன்னது ஒன்றே ஒன்று: "எங்கேயாவது வெட்டிட்டு மதிப்பைப் பாரு." கால்குலேட்டரை எடுத்தாள். ஒரு மூலத்தோடு வெட்டினால் 1.732. இரண்டோடு 2.236. பிறகு 2.560, 2.755, 2.867. இடைவெளி சுருங்கிக்கொண்டே வருவதை அவளே கவனித்து, "3-க்குப் போகுதா சார்?" என்றாள்.

ஆமாம், இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. "3-ஐ வர்க்கமூலமா எழுதேன்" என்றேன். √9. கணக்கு 1-ல் தொடங்குகிறது என்பதால் 9-ஐ 1 + 8 என்று பிரித்தாள். அடுத்து 2 இருப்பதால் 8 என்பது 2 × 4. இப்போது அந்த 4 என்பது √16, அதாவது √(1 + 3 × 5). 5 என்பது √(1 + 4 × 6). அதற்கப்புறம் நான் அந்த இடத்தில் இருப்பதே அவளுக்கு மறந்துபோனது. எந்த எண்ணை எடுத்தாலும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் அதன் வர்க்கம் கிடைக்கும் என்பதையும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.

பெரும்பாலான வகுப்புகள் இந்த இடத்தோடு முடிந்துவிடும். விடை 3, அடுத்த கணக்கு. எனக்கோ பாடம் இங்கேதான் சூடுபிடிக்கிறது.

"இதே மாதிரி 4-ஐ எழுத முடியுமா?"

முடியாது என்றுதான் நினைத்தாள். ஆனால் 4 என்பது √16, அது √(1 + 2 × 7.5). 7.5-ஐ √(1 + 3 × 18.4…) என்று எழுதலாம். நிறுத்த வேண்டிய கட்டாயமே இல்லை, முடிவில்லாமல் போகலாம். புள்ளி வைத்து முடித்தால் கிடைப்பது எழுத்துக்கு எழுத்து அதே கோவை.

"அப்போ 3-ம் சரி, 4-ம் சரியா சார்?" முகத்தில் கோபமே தெரிந்தது. ஏமாற்றப்பட்ட கோபம்.

இந்தக் கட்டத்தில் உதவிக்குப் பாயக் கூடாது. அந்தச் சந்தேகத்தோடு வீட்டுக்குப் போகட்டும். அடுத்த வாரம் வந்ததும் இரண்டு வரிசைகளை அருகருகே எழுதச் சொன்னேன். ஒவ்வொரு படியிலும் புள்ளிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எண்கள் அவை. 3-ல் தொடங்கினால்: 3, 4, 5, 6, 7, 8. 4-ல் தொடங்கினால்: 4, 7.5, 18.4, 84.5, 1429, அடுத்தது 3,40,000-க்கும் மேல். ஒன்று படிப்படியாக ஏறுகிறது, இன்னொன்று வெடிக்கிறது. நாம் வெட்டும்போது தூக்கி எறிவது இந்த எண்ணைத்தான். சிறிதென்றால் எறிந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

எவ்வளவு நஷ்டம் என்பதையும் கணக்கிடலாம். 11 வரை எழுதி வெட்டினால் கடைசி மூலத்துக்குள் 144 இருக்க வேண்டிய இடத்தில் 12 இருக்கும். 12 மடங்கு குறைவு. ஆனால் வெளியே வர 10 மூலங்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் அந்த மடங்கு தன் வர்க்கமூலத்துக்காவது இறங்கிவிடும்: 3.46, 1.86, 1.36… வெளியே வரும்போது 1.0025-க்கும் கீழே. ஆக, வெட்டிய கோவை 2.99-ஐத் தாண்டிவிடும், 3-ஐ மட்டும் தொடாது. பதினொன்றாம் வகுப்பில் படித்த எல்லை மதிப்பு எதற்கு என்று அன்றுதான் அவளுக்குப் பிடிபட்டது.

ராமானுஜன் இதழில் கொடுத்த தீர்விலும் இந்த இரண்டாம் பாதி கிடையாது; இயற்கணிதத்தோடு நிறுத்திவிட்டார். இப்படி அடுக்கிய மூலங்கள் எப்போது ஓர் எல்லையை அடையும் என்பதற்கான நிபந்தனையைத் தந்தவர் தி. விஜயராகவன், பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர். 1927-ல் வந்த ராமானுஜனின் ஆய்வுத் தொகுப்பின் பின்னிணைப்பிலேயே அது இருக்கிறது.

"இதெல்லாம் பப்ளிக்ல வருமா சார்?" என்று பெற்றோர் கேட்பார்கள். வராது. இதனால் ஒரு மார்க்கூடக் கூடாது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்தின் நுழைவுத் தேர்வையோ ஒலிம்பியாடையோ எழுதப்போகிறவர்களின் கதை வேறு. அங்கே விடை மட்டும் எழுதினால் போதாது, நிறுவவும் வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கும் இப்படி மாதத்துக்கு ஒரு கணக்கு கொடுப்பதில் குடி முழுகிவிடாது. பரீட்சை மாதங்களில் மட்டும் வேண்டாம்.

அதே 289-ஆம் கேள்வியில் இன்னொரு பகுதியும் உண்டு: √(6 + 2√(7 + 3√(8 + …))). வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால் கால்குலேட்டரோடு கொடுங்கள். விடையை ஊகித்ததும், அதைவிட 1 கூடுதலான எண்ணையும் இதே வடிவில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வடிவியலுக்குப் போகலாம்.